நான் அளந்த பிஸ்டன்

என்ன சொன்னீங்க? எதுக்கும் தெய்வசிகாமணிகிட்ட ஒருதடவை காட்டிடலாமான்னா கேட்டீங்க?

இல்லீங்க, கோவமெல்லாம் இல்லை. தாராளமாக் கேளுங்க. வண்டி உங்களுது. எஞ்சினைப் பிரிச்சு, இப்படி நாலு பிஸ்டனையும் துணியில வரிசையா வச்சுட்டா, வண்டிக்காரருக்குப் பயம் வரத்தான் செய்யும். இன்னொருத்தரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமேன்னு தோணும். தோணட்டும். ஆனா அந்தப் பேரைச் சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் ஒரு நிமிசம் கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வச்சுட்டேன்.

அந்தச் சேர்ல உக்காராதீங்க, கால் ஆடும். இப்படி வாங்க. எஞ்சின் மேல மூடி இருக்குமே, ஹெட்டு, அது லேத்துக்குப் போயிருக்கு, மூணு மணிக்கு முன்னால வராது. உங்களுக்கும் வேற வேலை இல்லை, எனக்கும் வேற வேலை இல்லை. சொல்லிடறேன்.

அவரு எனக்குச் சகலைங்க. என் சம்சாரம் சாந்தாமணி மூத்தவ. அவ தங்கச்சி கோகிலவாணியைக் கட்டுனவருதான் இந்தச் சிகாமணி. உங்களுக்குத் தெரியாது, தெரியாமத்தான் கேட்டீங்க. பொள்ளாச்சியில பாதிப் பேரு தெரியாமத்தான் கேக்கறாங்க. மீதிப் பேரு தெரிஞ்சே கேக்கறாங்க.

பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. இந்த நாச்சிமுத்துவுக்கு என்னங்க பொறாமை? இருபத்திரெண்டு வருசமா எஞ்சின் வேலை பாக்கறேன். வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறி எறங்கற வண்டிங்க எல்லாம் என் கைக்குத்தான் வந்துட்டிருந்துச்சு. சத்தத்தை வச்சே சொல்லிப்போடுவேன், எதுல கோளாறுன்னு. நான் சொல்றதெல்லாம் அவரு வர்றதுக்கு முன்னால.

எங்க மாமனாரு கிட்டுசாமி, கொப்பரை ஏவாரி. கல்யாணமாகி ஆறு வருசம் அந்த வீட்டுக்கு நான் ஒருத்தன்தான் மாப்பிள்ளை. அந்த ஆறு வருசம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லட்டுமா? நான் போய் எறங்கறதுக்குள்ள அத்தை சொம்புல தண்ணியோட வாசல்ல நிப்பாங்க. தோட்டத்து மோட்டார் ஓடலைன்னா எனக்கு போன். மிக்சி சத்தம் போட்டா எனக்கு போன். மிக்சிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் போவேன். கொப்பரைக் களத்துல நாலு பேரு நிக்கறப்ப மாமனாரு சொல்லுவாரு, எங்க மாப்பிள்ளை காதை வச்சுக் கேட்டாருன்னா வண்டிக்கு என்ன நோவுன்னு சொல்லிப்போடுவாருன்னு. எனக்கு அது போதுமுங்க. ஒரு மனுசனுக்கு வேற என்ன வேணும்?

அப்புறம் இவரு வந்தாரு.

கோயமுத்தூர்ல பெரிய ரீபோரிங் பட்டறையில ஒம்பது வருசம் இருந்தவராம். ரீபோரிங்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சிலிண்டர் உள்ள தேஞ்சுபோச்சுன்னா, அதைக் கொஞ்சம் வெட்டிப் பெருசாக்கி, அதுக்குத் தகுந்த மாதிரி பெரிய பிஸ்டனாப் போடறது. அந்த வேலையில கெட்டிக்காரராம். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே மாமனாரு என்னைப் பக்கத்துல உக்கார வச்சுட்டு, நம்ம தொழில்தான் மாப்ளே, உங்களுக்கும் பேச்சுத் துணையாச்சுன்னாரு. நான் சிரிச்சேன். இப்ப நினைச்சாலும் அந்தச் சிரிப்பு எனக்கே புடிக்கலை.

கல்யாணத்தன்னிக்கே ஆரம்பிச்சுது. மண்டபத்துல கரண்டு போயி ஜெனரேட்டர் ஓடுது. நான் அதுக்குப் பக்கத்துலதான் நிக்கறேன். ஒரு சிலிண்டர் வேலை செய்யலைன்னு எனக்கும் தெரியுது. முகூர்த்த நேரத்துல எதுக்குடா இதைப் பேசிக்கிட்டுன்னு கம்முனு இருந்தேன். மணவறையில மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கறவரு, ஐயரு மந்திரம் சொல்லிட்டிருக்கறப்பவே, தலையைச் சாச்சு, ஜெனரேட்டர்ல ஒரு சிலிண்டர் அடிக்கலை, பாக்கச் சொல்லுங்கன்னு பக்கத்துல நின்னவருகிட்ட சொல்றாரு. போய்ப் பாத்தா அதேதான். பந்தியில அன்னிக்கு அதே பேச்சு. ரசம் ஊத்தறவன்கூட அதைத்தான் பேசறான். நான் சாப்பிட்டு எந்திரிச்சதை யாருமே பாக்கலை.

கல்யாணமானதும் அவரும் பொள்ளாச்சியிலயே வாடகைக்கு ஒரு பட்டறை போட்டுட்டாரு. அதுக்கப்புறம் ஒண்ணொண்ணாப் போச்சுங்க. அத்தை சொம்போட நிக்கறாங்க, ஆனா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சொம்பு. மிக்சிக்கு இப்ப எனக்கு போன் வர்றதில்லை. மிக்சி தொல்லை விட்டுதுன்னு சந்தோசப்படணும்தான? படலையே. ஏன் என்னைக் கூப்பிடலைன்னு சாந்தாமணிகிட்ட ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்தேன். என் பையன் இருக்கானே, என் சொந்தப் பையன், அவன்கூட சைக்கிள் செயின் கழண்டா அப்பன்கிட்ட கொண்டாராம, சித்தப்பா வரட்டும்னு சுவத்துல சாத்தி வைக்கறான்.

சரி, ஆளு திமிரு புடிச்சவரா இருந்தாவாவது பரவாயில்லை. இல்லையே. ஏனுங்ணா சாப்பிட்டீங்களா, ஏனுங்ணா உக்காருங்க, ஏனுங்ணா நீங்க சொல்லுங்க. நான் உக்காராம உக்கார மாட்டாரு. நான் இலையில கை வைக்காம வைக்க மாட்டாரு. தப்பாப் பேசுனா திருப்பிக் குடுக்கலாமுங்க. நல்லாவே பேசிட்டிருக்கற ஆளை என்னங்க பண்றது? அந்த மரியாதையைப் பாக்கப் பாக்கத்தான் எனக்கு எரியும்.

ஒரு மைக்ரோமீட்டர் வச்சிருந்தாரு. இடுக்கி மாதிரி இருக்குமே, நடுவுல பொருளை வச்சுத் திருகுனா தலைமுடிக் கனத்தைக்கூட நம்பர்ல காட்டும், அது. மரப்பெட்டி, உள்ள மெத்து மெத்துன்னு துணி. எங்க போனாலும் கூடவே எடுத்துட்டுப் போவாரு. எனக்கு எதுக்குங்க அதெல்லாம், கண்ணு இருக்கு, நகம் இருக்கு. ஆனா ஜனங்களுக்குப் பெட்டியைத் தொறந்தாத்தான் நம்பிக்கை வருது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, இந்த ஷெட்டு, இது மாமனாரோட கொப்பரைக் குடோனு. ஏவாரத்தை நிறுத்துனதுக்கப்புறம் சும்மா கெடந்துச்சு. உடுமலை ரோட்டு மேல, இத்தனை முகப்போட, ஆறு காரு நிறுத்தற இடம். ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு மாமனாரு சொன்னாரு, ரெண்டு பேரும் வாடகை இடத்துல சிரமப்படறீங்க, இதை ஒருத்தரு எடுத்து நடத்துங்க, யாருன்னு யோசிச்சுச் சொல்றேன்னு.

யோசிக்கறதாம். மூத்த மாப்பிள்ளை ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்ப யோசிக்கறதுக்கு என்னங்க இருக்கு?

அப்ப என் பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சந்துல இருந்துச்சு. ஒரு வண்டியை உள்ள விட்டா இன்னொண்ணு ரோட்டுல நிக்கணும். அதையும் தை மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுங்கன்னு இடத்துக்காரரு சொல்லிப்போட்டாரு. இடிச்சுட்டுக் காம்ப்ளெக்ஸ் கட்டறாராம். நான் இதை யாருகிட்டயும் சொல்லலை. சாந்தாமணிகிட்டக்கூடச் சொல்லலை. சொன்னா நேரா அவங்கப்பன்கிட்டப் போயி நிப்பா. கெஞ்சி வாங்குன மாதிரி ஆகிடும். எனக்குக் கெஞ்சி வேண்டாம். மூத்தவன்னு மதிச்சுக் குடுக்கணும். தொழில் தெரிஞ்சவன்னு சொல்லிக் குடுக்கணும். நான் நினைச்சதுல என்ன தப்பு, சொல்லுங்க.

அந்தச் சமயத்துல மாமனாரு கார் புகை விட ஆரம்பிச்சுது. பதினாலு வருசத்து வண்டி, வெள்ளைக் கார். கார்த்திகை மாசம், காத்தால ஸ்டார்ட் பண்ணுனா வாசல் பூரா நீலப் புகை. எனக்குச் சேதி வர்றதுக்கு முன்னாலயே அவருக்குப் போயிருக்கு. அவரு வந்து, புகை காத்தால மட்டும் வருதா, மேட்டுல ஏறறப்பவும் வருதான்னு கேட்டிருக்காரு. காத்தால மட்டும்தான்னு மாமனாரு சொல்லியிருக்காரு. அப்படின்னா எஞ்சினுக்கு ஒண்ணுமில்லீங்க மாமா, வால்வுல இருக்கற ரப்பர் சீலு போயிருக்கும், ராத்திரி நிக்கறப்ப ஆயில் சொட்டு சொட்டா எறங்குது, அதை மாத்துனாப் போதும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நான் ரெண்டு நாள் கழிச்சுப் போறேன். போர்டிகோவுல நிக்கற வண்டியை நான் தொடறதுக்கு முன்னாலயே மாமனாரு சொல்றாரு, சின்னவரு சீலுதான்னு சொல்லிட்டாரு மாப்ளேன்னு. சொல்லிட்டாருன்னா? அப்ப நான் எதுக்கு வந்தேன்? டீ குடிக்கவா?

நான் சொன்னேன், இல்லீங்க மாமா, வெளிய இருந்து பாத்துச் சொல்றதெல்லாம் சரிப்படாது, இது பிஸ்டன் தேஞ்சிருக்கு, பிரிச்சே ஆகணும்னு. வண்டியைத் தொடாமச் சொன்னேன். அவரு சீலுன்னாரு, அதனால எனக்கு சீலா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். மாமனாரு மீசையைத் தடவுனாரு. அப்புறம், சரி, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேந்து ஷெட்டுலயே பிரிங்க, நானும் இருக்கேன்னாரு.

எனக்குப் புரிஞ்சுபோச்சு. இதுல யாரு பேச்சு நிக்குதோ அவனுக்குத்தான் ஷெட்டு.

ஞாயித்துக்கிழமை இதே இடத்துலதான் பிரிச்சோம். மாமனாரு நாக்காலி போட்டு அங்க உக்காந்திருந்தாரு. பிஸ்டன் நாலையும் வெளிய எடுத்து மண்ணெண்ணெய்ல கழுவி, இதே மாதிரி துணியில வச்சேன். நான்தான் கழுவுனேன். கழுவறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க.

இப்படிப் பாருங்க, உங்க பிஸ்டனையே எடுத்துக் காட்டறேன். இந்தப் பக்கத்துல மெல்லிசா கோடு கோடா மேல இருந்து கீழ எறங்குது பாருங்க. இதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் பயப்படுவாங்க. இது ஒண்ணும் இல்லை. ஓடற எஞ்சின்ல கோடு விழத்தான் செய்யும். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாப் பளபளங்கும், ஏன்னா எஞ்சின் சுத்தறப்ப அந்தப் பக்கம்தான் சிலிண்டர்ல அழுந்தும். அதுவும் சகஜம். நகத்தைக் குறுக்க ஓட்டிப் பாக்கணும். நகம் தடுக்கி நின்னா கோளாறு. வழுக்கிட்டுப் போச்சுன்னா சாதாரணத் தேய்மானம். எங்க, நீங்களே ஓட்டிப் பாருங்க. வழுக்குதா? அதேதான் அன்னிக்கும் வழுக்குச்சு. நாலுலயும் வழுக்குச்சு. சிலிண்டர் உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன், கம்பெனியில இழுத்து விட்ட வலைக் கோடு தேயாம அப்படியே இருந்துச்சு. பதினாலு வருசத்து வண்டின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அம்புட்டு நல்ல எஞ்சின்.

மாமனாரு கேட்டாரு, எப்படி மாப்ளே இருக்குன்னு. ரெண்டு மாப்பிள்ளையையும் பொதுவாப் பாத்துக் கேட்டாரு.

சிகாமணி என்ன பண்ணியிருக்கணும்? நல்லா இருக்குங்க மாமான்னு அவரு சொல்லியிருந்தா, இல்லைன்னு நான் சொல்லியிருப்பேன், சண்டையாகிப் போயிருக்கும், அதோட முடிஞ்சிருக்கும். அவரு அப்படிப் பண்ணலை. அந்த மரப்பெட்டியைத் தொறந்து, மைக்ரோமீட்டரைத் துணியில தொடச்சு, என் கையில குடுத்து, "நீங்களே அளந்து சொல்லுங்ணா"ன்னாரு.

எனக்கு விட்டுக் குடுக்கறாராம். தன் சாமானத்தை என் கையில குடுத்து, என்னைப் பெரியவனாக்கறாராம். எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலைங்க. அவரு என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தாக்கூட அப்படி இருந்திருக்காது.

பிஸ்டனைப் பாத்தா உருண்டையாத்தான தெரியுது? உருண்டை இல்லீங்க. நடுவுல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, பின்னு போற ஓட்டை. அந்த ஓட்டைப் பக்கமா அளந்தா கம்மியா இருக்கும். அதுக்குக் குறுக்க, அடியில அளந்தா அதிகமா இருக்கும். செய்யறப்பவே அப்படித்தான் செய்யறாங்க, சூட்டுல விரிஞ்சு சரியாகறதுக்கு. அதனால தேஞ்சிருக்கா இல்லையான்னு பாக்க ஓட்டைக்குக் குறுக்கதான் வச்சு அளக்கணும். ஓட்டைப் பக்கம் வச்சா, நேத்து கடையில வாங்குன புது பிஸ்டன்கூடத் தேஞ்சுபோன மாதிரிதான் காட்டும். இது தொழில் கத்துக்கற மொத மாசத்துலயே சொல்லிக் குடுக்கறது.

நான் ஓட்டைப் பக்கம் வச்சேன்.

கை தானாப் போச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? நாலு பிஸ்டனுக்கும் நாலு தடவை தானாப் போச்சு. ஒவ்வொண்ணையும் அளந்து மாமனாருகிட்ட நம்பரைக் காட்டுனேன். பாருங்க மாமா, இருக்க வேண்டியது இவ்வளவு, இருக்கறது இவ்வளவு, நாலு முடிக் கனம் தேஞ்சுபோச்சு, போர் வெட்டிப் பெரிய பிஸ்டன் போட்டே ஆகணும்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். எனக்கே என் குரல் புதுசா இருந்துச்சு.

மாமனாரு சிகாமணியைப் பாத்தாரு. சிகாமணி என் கையைப் பாத்தாரு. அந்தப் பார்வையிலயே தெரிஞ்சுது, மொத பிஸ்டன்லயே பாத்துட்டாருன்னு. ஒம்பது வருசம் அந்த வேலையில இருந்தவருக்கு எப்படித் தெரியாமப் போகும்? நான் காத்துட்டிருந்தேன். சொல்லு, இப்பச் சொல்லு, இவரு தப்பா அளக்கறாருன்னு சொல்லுன்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டு நின்னேன். பதில்கூடத் தயாரா வச்சிருந்தேன்.

அவரு சொன்னதெல்லாம் ஒண்ணுதான். "அண்ணன் அளந்தாச் சரியாத்தான் இருக்குமுங்க மாமா."

இப்பச் சொல்லுங்க, இது நல்ல மனுசன் பண்ற வேலையா? தெரிஞ்சவன் தெரிஞ்சதைச் சொல்லணும்தான? ஒரு நல்ல எஞ்சினை வெட்டப் போறாங்கன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டு நின்னா, அதுல பாதிப் பாவம் அவருக்கு இல்லையா? நான் அவனை மன்னிக்காததுக்கு... அவரை மன்னிக்காததுக்கு அதுதாங்க காரணம். அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருப்பேனா? இருப்பேன்னுதான் நினைக்கறேன்.

போரை வெட்டியாச்சு. வெட்டுனதைத் திரும்ப ஒட்ட முடியுங்களா? முடியாது. லேத்துக்காரரு சிலிண்டர் இருக்கற பிளாக்கைக் கையில வாங்குனதும் ஒரு மாதிரி பாத்தாரு, இதை எதுக்கு வெட்டறீங்கன்னாரு. வெட்டுய்யான்னு சொன்னேன். புது பிஸ்டன், புது ரிங்கு, எல்லாம் போட்டு மாட்டிக் குடுத்தேன். ஒண்ணைத் தவிர. வால்வு சீலை மாத்தலை. சீலு இருக்கற ஹெட்டு கையில கழண்டு கெடக்கு, எந்த மெக்கானிக்கும் ரெண்டு நிமிசத்துல மாத்திட்டுத்தான் மாட்டுவான். நான் மாத்தலை. மாத்துனா அவரு சொன்னதும் சரின்னு ஆகிடுமே.

மறுநாள் காத்தால மாமனாரு ஸ்டார்ட் பண்ணுனாரு. நீலப் புகை.

புது பிஸ்டன் மாமா, உக்கார்ற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். ஒரு வாரம் சொன்னேன். மூணு வாரம் சொன்னேன். அப்புறம் ஆயில் மாத்தற சாக்குல வண்டியை என் சந்துக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கிட்டு, சீல் எட்டையும் மாத்துனேன். பழசெல்லாம் கல்லு மாதிரி காஞ்சு கெடந்துச்சு. எட்டையும் தட்டுல போட்டுட்டுக் கை கழுவறேன், கதவைத் தட்டி உள்ள வர்றாரு சிகாமணி. கோகிலா முறுக்குச் சுட்டாளாம், குடுத்து விட்டாளாம். தட்டைப் பாத்தாரு. முறுக்கை வச்சாரு. ஆயில் மாத்தறீங்களாங்ணான்னு கேட்டாரு. ஆமான்னேன். வர்றேனுங்ணான்னு போயிட்டாரு. அந்த முறுக்கை நான் தொடவே இல்லை. நல்ல முறுக்குன்னு பையன் சொன்னான்.

அப்புறம் புகை வரலை. பாத்தீங்களா மாமா, பிஸ்டன் உக்காந்துருச்சுன்னேன். மாமனாரு தலையை ஆட்டுனாரு.

தை பொறக்கறதுக்கு ஒரு வாரத்துக்கு முன்னால ஷெட்டு எனக்குன்னு சொல்லிட்டாரு. சாந்தாமணி பேருக்கு எழுதிக் குடுத்தாங்க. கோகிலாவும் சிகாமணியும் வந்து கையெழுத்துப் போட்டாங்க. அவரு மூஞ்சியில ஒரு வாட்டம் தெரியுமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தெரியலை. அந்த ஒரு வாட்டத்தைப் பாத்திருந்தா என் மனசு ஆறியிருக்கும். ஸ்வீட் வாங்கிட்டு வந்து எனக்குத்தான் மொதல்ல குடுத்தாரு.

தை மூணாந்தேதி இங்க பூசை. எல்லாரும் சாப்பிட்டுப் போயாச்சு. மாமனாரு மட்டும் நின்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியலை. ஜெயிச்சவன் வாய் சும்மா இருக்குமா? தொழில் தெரிஞ்ச ஆளாப் பாத்துக் குடுத்தீங்க மாமா, உங்க பேரைக் காப்பாத்துவேன்னேன்.

அவரு சுத்தும் முத்தும் பாத்துட்டு, என் தோள்ல கையை வச்சாரு. "மாப்ளே, நான் முப்பத்தஞ்சு வருசம் தராசு புடிச்சவன். எனக்கு உங்க பிஸ்டனும் தெரியாது, நம்பரும் தெரியாது. கை தெரியும். அன்னிக்கு நீங்க அளந்த கை, தராசுல விரலை வைக்கற கை."

அந்த மனுசன் நாக்காலியில உக்காந்து வேடிக்கை பாத்துட்டிருந்தாருன்னு நினைச்சேன். தெரிஞ்சுக்கிட்டே வண்டியை வெட்டக் குடுத்திருக்காரு. ஏன் மாமா, அப்புறம் எதுக்கு எனக்குக் குடுத்தீங்கன்னு கேட்டேன்.

"சின்னவரைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். மூணு தடவை கேட்டும் சொல்லலை. நாலாவது தடவைதான் வாயைத் தொறந்தாரு. அண்ணன் பயத்துல அளந்துட்டாருங்க மாமா, இடம் கைக்கு வந்துட்டா ஒழுங்கா அளப்பாரு, அவருக்கே குடுத்துடுங்கன்னாரு. உங்க சந்துக்கடையைக் காலி பண்ணச் சொன்னதும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் குடுத்தேன்."

சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நான் பூசை போட்ட தேங்காமூடியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்.

பயமாம். எனக்கா பயம்? அவரு எனக்குப் போட்ட பிச்சைங்க இது. இந்தக் கூரை, இந்த முகப்பு, வெளிய தொங்குற அந்த போர்டு, எல்லாம் அவரு வாயில இருந்து விழுந்தது. சாந்தாமணிக்குக்கூட இது தெரியாது. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன், ஏன்னா நீங்க நாளைக்கு வண்டியை எடுத்துட்டுத் தாராபுரம் போயிடுவீங்க.

அன்னிக்கு ஒரு முடிவு பண்ணுனேன். இடம் கைக்கு வந்தா ஒழுங்கா அளப்பான்னு சொன்னாருல்ல? அளக்க மாட்டேன். அவரு சொன்னது பொய்யாகணும். மொத வண்டி வந்துச்சு, ஒரு டாக்டரம்மா கார். பிஸ்டனை எடுத்து வச்சேன். நல்ல பிஸ்டன். மைக்ரோமீட்டரை எடுத்தேன், ஆமா, நானும் ஒண்ணு வாங்கிட்டேன். ஓட்டைப் பக்கம் கொண்டுபோனேன். அந்தம்மா எதுத்தாப்புல, நீங்க உக்காந்திருக்கற மாதிரியே, ஒண்ணும் தெரியாம உக்காந்திருக்காங்க. வச்சுட்டா முடிஞ்சுது. வைக்க முடியலைங்க. கை திரும்பிக் குறுக்கப் போயிடுச்சு. அன்னிக்கு நிசமாவே தானாத்தான் போச்சு.

மூணு வருசம் ஆச்சு. எத்தனை வண்டி, எத்தனை பிஸ்டன். ஒண்ணைக்கூடத் தப்பா அளக்கலை. நல்லதை நல்லதுன்னுதான் சொல்றேன், வெட்ட வேண்டாததை வெட்டறதில்லை. நாச்சிமுத்துகிட்டப் போனா நியாயமாச் சொல்லுவாருன்னு ஜனங்க பேசறாங்க. சந்தோசமா இருக்கணும்தான? அவங்க அப்படிச் சொல்ற ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கறது அவன்தானுங்க. அவன் என்னைப் பத்திச் சொன்னது பலிச்சுக்கிட்டே இருக்கு. அதைப் பொய்யாக்கணும்னா நான் அயோக்கியனா இருந்தாகணும். அதுக்கும் முடியலை.

இந்தாங்க, பக்கத்துல வாங்க. ஓட்டைக்குக் குறுக்க வச்சிருக்கேன், பாத்துக்குங்க. நாலும் சரியா இருக்கு. சாதாரணத் தேய்மானம், ரிங்கும் சீலும் மாத்துனாப் போதும், போர் வெட்ட வேண்டியதே இல்லை.

இதை உங்ககிட்டச் சொல்றதுக்குள்ள எனக்கு எப்படி எரியுதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்க.